கண்ணாடியில் கண்ட கணவன்

நள்ளிரவு கடந்துவிட்டது. டப்ளின் நகரத்துக் கிரெஷாம் ஓட்டலிலே ஓர் அறை. வெளியே வெண்பனி. உள்ளே, அழுது அழுது ஓய்ந்து உறங்கிவிட்டாள் மனைவி. உறங்கும் அந்த முகத்தை நோக்கியபடி விழித்திருக்கிறான் கணவன். மணமாகி ஆண்டு பல, மக்கள் இருவர். ஊர் மெச்சும் இல்லறம்! ஆனால் சற்று முன்னர்தான் அவன் அறிந்தான், இந்த மாது தன்னைக் காணுமுன்பே வேறொருவனைக் கண்டவள் என்பதை. அந்த வேறொருவன், இவளைக் காண மழையிலே நின்று மாண்டவன் என்பதை. இத்தனை ஆண்டுகளாக அந்த நினைவு இவள் நெஞ்சிலே வாழ்ந்தது, தனக்குத் தெரியாமலே வாழ்ந்தது என்பதை.

என்ன செய்வான் கணவன்?

இலக்கியம் நமக்குப் பழக்கிய விடை உண்டு. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ, கைக்குட்டை ஒன்றைக் கருவியாக்கிக் கயவன் பின்னிய கதையை நம்பி, மனைவியின் மூச்சை நிறுத்தினான். டால்ஸ்டாய் 1889இல் எழுதி முடித்த 'குரூட்சர் சொனாட்டா'விலே கணவன் கட்டாரி எடுத்தான். நாடக மேடைகளிலோ கேட்கவே வேண்டாம்! கணவனின் ஐயம் என்றால் அங்கே கத்தி உண்டு, கதறல் உண்டு, கடைசியிலே பிணம் உண்டு. ஜேம்ஸ் ஜாய்ஸ் தீட்டிய கேப்ரியல் கான்ராய் கத்தி எடுக்கவில்லை, கண்ணீர் வடித்தான். அதுவும் தனக்காக அன்று. காதல் என்று இத்தனை நாளும் தான் எண்ணியிருந்தது காதலே அன்று, அந்த மாண்ட இளைஞனிடம் இருந்ததுதான் காதல் போலும் என்று உணர்ந்து வடித்த கண்ணீர்.

உலகச் சிறுகதை இலக்கியத்திலே இந்த ஓரிரவுக்கு ஒப்பானவை சிலவே. கதையின் பெயர் 'மாண்டோர்' என்று பொருள்படும். 'டப்ளினர்கள்' என்னும் தொகுப்பின் பதினைந்தாவது கதை, கடைசிக் கதை. 1907இல், ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகமாக அன்று இருந்த திரியெஸ்த் நகரிலே, ஆங்கிலம் கற்பித்து வயிறு வளர்த்து வந்த ஓர் இளைஞர் எழுதியது. வாதக் காய்ச்சலில் படுத்து எழுந்த ஆண்டு அது. வயது இருபத்தைந்து! நம்மில் பலர் அந்த வயதில் விண்ணப்பத் தாள்களை நிரப்பிக் கொண்டிருக்கிறோம்.

ஆனால் கேப்ரியலின் கண்ணீரை ஒரு தனி மனிதனின் உள்ள நெகிழ்ச்சி என்று மட்டும் படித்துவிட்டால், பாதிதான் படித்தவராவோம். மனைவியின் நெஞ்சை அறியாதவனாக ஒரு படித்தவனை வளர்த்தெடுத்தது எது? அதற்கு அந்த நாட்டு வரலாற்றைக் கொஞ்சம் புரட்டியாக வேண்டும்.

கதை நடக்கும் விருந்துக்கு முதலில் போவோம். கேப்ரியலின் சிற்றன்னையர் இருவர், கேட், ஜூலியா. லிஃபி ஆற்றங்கரை வீட்டிலே ஆண்டுதோறும் அவர்கள் நடத்தும் விருந்து. கிறிஸ்துமசுக்குப் பிந்திய நாட்கள். அந்த வீட்டிலே யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கேட், மணமாகாதவள். ஜூலியா, மணமாகாதவள். அண்ணன் மகள் மேரி ஜேன், இசை கற்பித்துக் குடும்பம் நடத்துபவள், மணமாகாதவள். பணிப்பெண் லில்லியும் அப்படியே. விருந்துக்கு வரும் ஆசிரியை ஐவர்சும் தனியொருத்தியே. முதுமை எய்திய ஜூலியா, விருந்தினர் முன்னே பாடும் பாட்டு எது தெரியுமா? மணக்கோலம் பூண்ட மங்கையைப் பற்றிய பாட்டு!

இது கதாசிரியரின் கற்பனைக் குறும்பு மட்டும் அன்று. 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அயர்லாந்திலே 45 முதல் 54 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் மணமே காணாதவர். ஆண்களின் நிலை அதைவிடச் சற்று அதிகம். ஏன் இப்படி? 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழையின் ஒரே உணவு அது. ஆண்டாண்டாகப் பஞ்சம் தொடர்ந்தது. பத்து இலட்சம் பேர் அளவில் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவினர் கப்பலேறினர். 1841இல் 81 இலட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை, 1851இல் 65 இலட்சம் அளவுக்குச் சுருங்கி, 1901இல் 44 இலட்சத்துக்கு வந்து நின்றது. பிள்ளைகளுக்கெல்லாம் நிலத்தைத் துண்டு போட்டுக் கொடுத்த பழைய வழக்கம் பஞ்சத்தோடு மறைந்தது. இனி நிலம் ஒருவனுக்கே! அவனுக்கு மணம் என்றால் அது தரகன் பேசி முடிக்கும் பேரம்: இத்தனை ஏக்கர், இத்தனை மாடு, இத்தனை பவுன் வரதட்சணை. மருமகள் கொண்டுவரும் பணத்தைக் கொண்டே மகளைக் கரையேற்ற வேண்டும். பேரத்தில் இடம் பெறாத பெண், கப்பலேற வேண்டும். அல்லது கன்னிமாடம் புக வேண்டும். அல்லது அண்ணன் வீட்டு அடுப்படியிலே ஆயுளைக் கழிக்க வேண்டும். வரதட்சணை நம் நாட்டு நோய் என்றே எண்ணியிருந்த எனக்கு, வெள்ளையர் நாட்டிலும் அது இப்படிக் கோலோச்சியது என்று படித்தபோது வியப்பு ஏற்பட்டது உண்மை.

நிலம் ஒரு கை என்றால், மதம் மறு கை. ஜூலியா வெறும் கிழவி அல்லள். 'ஆதாம் ஏவாள்' என்று மக்கள் அழைக்கும் மாதாகோவிலிலே முதன்மைப் பாடகியாக விளங்கியவள். அதிகாலைக் குளிரிலும் கோவிலுக்கு ஓடியவள். அவளை வெளியேற்றிவிட்டார்கள். கதையிலே தங்கை கேட் இதைச் சொல்லிக் குமுறுகிறாள். இது வரலாறு! 1903 நவம்பர் 22இல், பத்தாம் பயஸ் என்ற போப் கோவில் இசையைப் பற்றிக் கட்டளை ஒன்று பிறப்பித்தார். பாடகர் குழு என்பது வழிபாட்டுப் பணி. அப்பணிக்குப் பெண் தகுதியற்றவள். பெண்குரல் தேவைப்படும் இடத்தில் சிறுவரைப் பாட வைக்கலாம்! ஏவாளின் பெயரால் வழங்கும் கோவிலிலே ஏவாளின் குலத்துக்குக் குரல் இல்லை. இந்தத் தடையைத் தளர்த்த 1955 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

கேட் குமுறுகிறாள் என்றேனே, அந்தக் குமுறல் எப்படி முடிகிறது தெரியுமா? புராட்டஸ்டண்டு விருந்தாளி ஒருவர் அருகிலே இருக்கிறார் என்று மேரி ஜேன் எச்சரித்ததும், போப்பின் முடிவில் குறை காண நான் யார், ஏதோ அறியாக் கிழவி நான், என்று அடங்கிவிடுகிறாள். அநீதி கண்ணுக்குத் தெரிகிறது, நாக்கு வரை வருகிறது, வாயைத் தாண்டவில்லை. இத்தகைய காட்சியை எத்தனை வீட்டுத் தாழ்வாரங்களிலே நாமும் கண்டிருக்கிறோம்!

இனிச் சட்டம். மனைவியோடு தொடர்பு கொண்டவன் மீது கணவன் வழக்குத் தொடுத்து, இழப்பீட்டுப் பணம் பெறலாம் என்று ஒரு பழைய ஆங்கிலச் சட்ட முறை இருந்தது. பயிரை மேய்ந்த மாட்டுக்காகத் தண்டம் வாங்குவது போல! அந்த வழக்கிலே மனைவி ஒரு கட்சிக்காரியே அல்லள். அவள் பொருள், பொருளுக்கு வாய் உண்டா? இங்கிலாந்து 1857இல் அம்முறையை ஒழித்தது. அயர்லாந்திலோ அது தொடர்ந்தது. கேப்ரியல் வாழ்ந்த காலத்தில் இருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னும் இருந்தது. குடியரசின் சட்டப் புத்தகத்திலிருந்து அதை நீக்கிய ஆண்டு 1981! மணவிலக்கையோ 1937ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அடியோடு தடுத்தது. 1986இல் மக்களிடம் கேட்டார்கள். தடை நீடிக்கட்டும் என்றனர். 1995 நவம்பரில் மறுபடி கேட்டார்கள். ஒன்பதாயிரத்துச் சொச்சம் வாக்கு வேறுபாட்டில் தடை விழுந்தது.

பார்னெலின் வீழ்ச்சியையும் இங்கே சொல்ல வேண்டும், சுருக்கமாக. அயர்லாந்தின் தன்னாட்சிக்காக வெள்ளையர் நாடாளுமன்றத்தை ஆட்டிவைத்த தலைவர் அவர். கேத்தரின் ஓஷே என்ற மாதோடு அவர் வாழ்ந்தது, அவளுடைய கணவன் தொடுத்த மணவிலக்கு வழக்கால் 1890இல் அம்பலமாயிற்று. மதகுருமார் கொதித்தனர், கட்சி உடைந்தது, 1891 அக்டோபரிலே தலைவர் மாண்டார். அப்போது ஜாய்சுக்கு ஒன்பது வயது. தந்தையார் பார்னெலின் பக்தர். அந்த வீட்டிலே விழுந்த இடி, சிறுவனின் எழுத்திலே கடைசி வரை முழங்கிற்று.

இத்தகைய மண்ணிலே முளைத்தவன்தான் நம் கேப்ரியல். ஆனால் அவன் பழைமையின் பிள்ளை என்று எண்ணிவிடாதீர்கள்! அங்கேதான் ஜாய்சின் கூர்மை. கேப்ரியல் படித்தவன். கல்லூரி ஆசிரியன். புதன்கிழமைதோறும் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' ஏட்டிலே நூல் மதிப்புரை எழுதிப் பதினைந்து ஷில்லிங் பெறுபவன். விடுமுறையிலே சைக்கிளேறி பிரான்சும் பெல்ஜியமும் சுற்றி வருபவன். மேனாட்டில் மக்கள் அணிகிறார்கள் என்று, காலணி மேல் மாட்டும் ரப்பர் உறையை மனைவிக்கும் வாங்கிக் கொடுப்பவன். மனைவியை அடித்தவன் அல்லன், குடித்தவன் அல்லன். நல்லவன், தோழர்களே, நல்லவன்!

அந்த நல்லவனை அந்த ஒரே மாலையில் பெண்கள் மூவர் தடுமாற வைக்கிறார்கள். பணிப்பெண் லில்லியிடம், உனக்கு எப்போது திருமணம் என்று வேடிக்கையாகக் கேட்கிறான். இந்தக் காலத்து ஆண்கள் ஆசை வார்த்தை பேசி, பெறக்கூடியதைப் பெறுபவர்கள் என்று கசப்போடு வெடிக்கிறது பதில். கேப்ரியல் என்ன செய்கிறான்? அவள் கையிலே நாணயத்தைத் திணித்துவிட்டு மாடிப்படி ஏறி ஓடுகிறான். கேள்வி எழுந்ததும் காசை நீட்டும் கனவான்!

அடுத்து ஐவர்ஸ். அயரிஷ் மொழி இயக்கத்திலே ஈடுபட்ட ஆசிரியை. ஆங்கில ஆட்சிக்கு ஆதரவான ஏட்டிலே எழுதும் நீ 'மேற்கு பிரிட்டன்காரன்' அல்லவா என்று நடனத்தினூடே குத்துகிறாள். கோடையிலே அரான் தீவுகளுக்கு வா, அயரிஷ் பேசும் மக்களிடையே இருந்துவிட்டு வரலாம் என்று அழைக்கிறாள். உன் மனைவியும் கொனாட் மாநிலத்தவள்தானே என்று கேட்கிறாள். கேப்ரியலின் விடையைக் கவனியுங்கள்: அவளுடைய உறவினர் அந்தப் பக்கத்தவர், அவ்வளவே, என்று வெட்டிவிடுகிறான்.

அவள் அல்லளாம், அவளுடைய உறவினராம்! அந்த ஒரு விடையிலே இருக்கிறது முழுக் கதையும். கொனாட் என்பது மேற்கு. பதினேழாம் நூற்றாண்டிலே கிராம்வெலின் ஆட்சி, நிலம் இழந்த கத்தோலிக்கரை விரட்டிவிட்ட வறண்ட மேற்கு. பஞ்சம் மிகக் கொடுமையாக அறுத்த மேற்கு. மொழி, பாட்டு, வறுமை மூன்றும் எஞ்சிய மேற்கு. டப்ளின் கனவானுக்கு அது பட்டிக்காடு. கேப்ரியலின் தாய், மகன் மணக்க விரும்பிய பெண்ணை நாட்டுப்புறத்துக் கெட்டிக்காரி என்று இகழ்ந்தவள். ஆனால் அந்தத் தாய் நோயுற்றுக் கிடந்தபோது இறுதி வரை பணிவிடை செய்தவள் அந்த நாட்டுப்புறத்தாளே. மனைவி கிரெட்டாவிடம் பயணத்தைப் பற்றிச் சொல்கிறான். அவளோ கைகோத்துத் துள்ளுகிறாள்! கால்வே நகரை மறுபடி காண ஆசை என்கிறாள். விருப்பமிருந்தால் நீ போ, என்று குளிர்ந்த குரலிலே முடித்துவிடுகிறான் கணவன்.

ஏன் ஆசை, அங்கே என்ன இருக்கிறது, யார் இருந்தார்கள்? கேட்கவில்லை. மணநாளிலிருந்துதான் அவளுக்குப் பிறப்பே என்பதுபோல் நினைப்பு. மதம் அவனுக்கு அப்படிக் கற்பித்தது, சட்டம் கற்பித்தது, தாய் கற்பித்தாள். கற்ற கல்வியோ அதை அழிக்கவில்லை; அதன் மேல் மெருகு பூசியது.

விருந்து முடிகிறது. விடைபெறும் வேளையில் கேப்ரியல் வேடிக்கைக் கதை சொல்கிறான். பாட்டனாரிடம் குதிரை ஒன்று. ஆலையைச் சுற்றிச் சுற்றி உழைத்துப் பழகியது. ஒருநாள் வண்டியிலே பூட்டி அணிவகுப்புக் காண ஓட்டிச் சென்றபோது, மன்னர் வில்லியம் சிலையைக் கண்டதும் அதைச் சுற்ற ஆரம்பித்துவிட்டதாம்! அயர்லாந்தை வென்று அடக்கிய ஆங்கில மன்னனின் சிலை அது. கேப்ரியல் அந்தக் குதிரைபோல் கூடத்திலே வட்டமடித்துக் காட்டுகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். வட்டமடிப்பது தானே என்று அவனுக்குத் தெரியாது. (அந்தச் சிலையை 1928இல் வெடி வைத்துச் சிதைத்தார்கள், பிறகு அகற்றினார்கள். பழக்கத்தைச் சிதைக்க வெடி ஏது?)

அப்போது மேலே எவரோ பாடுகிறார்கள். 'ஆக்ரிம் மங்கை' என்னும் நாட்டுப்பாடல். பிரபு ஒருவனால் வஞ்சிக்கப்பட்ட ஏழைப் பெண், கைக்குழந்தையோடு, அவன் வாயிலிலே மழையில் நனைந்து நிற்கும் பாடல். மாடிப்படியிலே, நிழலிலே, அசையாமல் நின்று கேட்கிறாள் கிரெட்டா. கீழிருந்து பார்க்கிறான் கணவன். என்ன அழகு! தான் ஓவியனாயிருந்தால் இதைத் தீட்டி இன்ன பெயர் சூட்டலாம் என்று எண்ணுகிறான். அவள் எதைக் கேட்கிறாள் என்று எண்ணவில்லை. மனைவியை மனிதப் பிறவியாகப் பார்க்கத் தெரியாதவன், ஓவியமாகப் பார்க்க நன்றாகவே கற்றிருக்கிறான். பெண்ணைப் பூவென்றும் நிலவென்றும் புகழ்ந்து அடிமை கொள்ளும் கவிவாணரெல்லாம் இந்தப் படிக்கட்டின் அடியிலே வந்து நிற்கத்தான் வேண்டும்.

ஓட்டல் வரும் வரை அவன் உள்ளத்திலே இன்ப நினைவுகள், உடலிலே வேட்கை. அவளும் தன்னைத்தான் நினைக்கிறாள் என்று நம்புகிறான். என்ன யோசனை என்று கேட்கிறான். கட்டிலில் விழுந்து விம்முகிறாள். அந்தப் பாட்டை நினைக்கிறேன் என்கிறாள். முன்பு கால்வேயிலே ஒருவன் அதைப் பாடுவான். மைக்கேல் பியூரி, வயது பதினேழு. கேப்ரியலுக்குச் சினம் மூள்கிறது. ஏளனத்தை எடுத்து வீசுகிறான்: காதலித்தாயோ அவனை? அதனால்தான் கால்வே போக ஆசையோ? அவன் மாண்டுவிட்டான் என்று விடை வருகிறது. என்ன வேலை பார்த்தான் என்று கேட்கிறான் (பாருங்கள் கேள்வியை! கல்லூரி ஆசிரியனுக்குத் தகுந்த போட்டியாளன்தானா என்று அறிய வேண்டாமா?). எரிவாயு ஆலையிலே வேலை பார்த்தான் என்கிறாள்.

ஏளனம் எறிந்த இடத்துக்கே திரும்பி வந்து தைத்தது. மாண்டவன் மீது, அதுவும் ஆலைத் தொழிலாளிச் சிறுவன் மீது, ஏளனம் செல்லுபடியாகவில்லை. அந்த அறையிலே ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. சற்று முன்னர்தான் அதிலே தன்னைக் கண்டான், அகன்ற சட்டை மார்பும் பளபளக்கும் மூக்குக் கண்ணாடியுமாக. இப்போது உள்ளக் கண்ணாடியிலே காண்கிறான்: சிற்றன்னையருக்கு எடுபிடி, பாமரர் முன் சொற்பொழிவாற்றும் பகட்டன், தன் இச்சையைக் காதலென்று அலங்கரித்துக் கொண்ட கோமாளி. நெற்றியிலே எரியும் நாணத்தை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று விளக்குக்கு முதுகைக் காட்டுகிறான்.

பிறகு அவள் முழுவதும் சொல்கிறாள். டப்ளின் கன்னிமாடத்துக்கு அவள் புறப்படும் முன்னிரவு. அவனோ நோயாளி, வெளியே வரக்கூடாதவன். சன்னலிலே சரளைக்கல் வந்து விழுகிறது. பின்பக்கத் தோட்டத்துக்கு ஓடுகிறாள். மழையிலே நடுங்கியபடி மரத்தடியில் நிற்கிறான். போய்விடு, செத்துப் போவாய் என்று மன்றாடுகிறாள். வாழ விருப்பமில்லை என்கிறான். அவள் கன்னிமாடம் சேர்ந்து ஒரு வாரத்திலே செய்தி வருகிறது. அவனுடைய சொந்த ஊரான ஊட்டரார்டிலே அடக்கம் செய்தார்கள்.

இங்கே கணவன் செய்வதுதான் புதுமை. அவள் கையைச் சிறிது நேரம் பற்றியிருந்துவிட்டு, அவள் துயரத்திலே குறுக்கிட நாணி, மெல்ல விட்டுவிட்டு, விலகிச் செல்கிறான். என் பொருளை இன்னொருவன் தொட்டான் என்ற கணக்கு அங்கே இல்லை. தன்னோடு இத்தனை நாள் வாழ்ந்த இந்தப் பெண்ணின் வாழ்விலே தான் எவ்வளவு சிறிய பங்கு வகித்தோம் என்ற எண்ணம் வருகிறது. அது இப்போது நோகவே இல்லை. எந்தப் பெண்ணிடமும் தான் அவ்வாறு உணர்ந்ததில்லை என்று ஒப்புக் கொள்கிறான். ஆயினும் அதுவே காதல் என்று அறிகிறான். மேற்கு நோக்கிப் புறப்படும் காலம் வந்துவிட்டது என்று நினைக்கிறான். மாலையிலே எந்த மேற்கை வெட்டினானோ, அந்த மேற்கு! அயர்லாந்து முழுவதும் பனி பொழிகிறது. இருப்பவர் மீதும் மாண்டவர் மீதும் ஒன்றுபோல் பொழிகிறது.

இக்கதையை முதலில் கல்லூரியிலே படித்தேன், தேர்வுக்காகப் படித்தேன், பனி எதன் குறியீடு என்று ஒரு பக்கம் எழுதி எட்டு மதிப்பெண் வாங்கினேன். இரண்டாம் முறை படித்தது மணமான பிறகு. எங்கள் மணம் புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் நடந்தது. அதைப் பெருமையோடு பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அன்றிரவு புத்தகத்தை மூடிவிட்டு எண்ணிப் பார்த்தேன்: என் துணைவி பள்ளியிலே என்ன பாட்டுப் பாடுவாள்? எந்தத் தோழிக்காக அழுதாள்? என்னவாக விரும்பினாள்? ஒன்றும் தெரியாது. பெண்ணுரிமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரியும்! அன்றிரவு கேட்டேன். சொன்னாள். இங்கே எழுதுவதற்கு அல்ல அது.

ஜாய்சின் வாழ்வுக்கு வருவோம். ஏனெனில் கதை வானத்திலிருந்து விழவில்லை. 1904 ஜூனிலே டப்ளின் தெருவில் அவர் கண்ட பெண் நோரா பார்னக்கிள், கால்வேக்காரி, ஓட்டல் ஒன்றிலே அறை துப்புரவு செய்யும் பணிப்பெண். அக்டோபரிலே இருவரும் நாட்டை விட்டு வெளியேறினர். மணம் செய்து கொள்ளாமலே! மோதிரத்தோடும் மந்திரத்தோடும் பாதிரியோ பதிவாளரோ நடுவே நிற்பதை ஜாய்ஸ் ஏற்கவில்லை. 1931 ஜூலை 4இல்தான், லண்டன் பதிவகத்திலே, பிள்ளைகளின் சொத்துரிமையைக் கருதிப் பதிவு செய்து கொண்டனர். நோராவின் இளமையிலே மைக்கேல் போட்கின் என்ற இளைஞன் இருந்தான். எலும்புருக்கி நோயால் 1900இல் மாண்டவன். நோயோடு எழுந்து மழையிலே அவளைக் காண வந்தவன். ஜாய்சிடம் அதைச் சொன்னவள் நோராவே. கேட்ட நெஞ்சிலே பொறாமை புகுந்தது, பொறாமை கதையாயிற்று, கதையிலே பொறாமை கரைந்தது.

கதையிலே கரைந்தது, வாழ்விலே?

1909இல் மகனோடு டப்ளின் வந்தார் ஜாய்ஸ். பழைய நண்பன் ஒருவன், 1904லேயே நோரா தன்னோடும் பழகியவள் என்று நஞ்சு கக்கினான். 'மாண்டோர்' எழுதி இரண்டே ஆண்டு ஆயிற்று! கேப்ரியலைப் பனியிலே நிறுத்திப் பண்படுத்திய அந்தப் பேனா, திரியெஸ்திலிருந்த நோராவுக்குக் கடிதம் எழுதியது: குற்றம் சாட்டியது, புலம்பியது, மகன் தன் மகன்தானா என்று கூடக் கேட்டது. பாதிரி வேண்டாம் என்றவர், பதிவாளர் வேண்டாம் என்றவர், தாலிக்கு ஒப்பான எதுவும் தங்களுக்கிடையே கூடாது என்று கடல் கடந்தவர்! தாலியைத் தவிர்த்தவர் உள்ளத்திலே வேலி இருந்தது. நாட்கள் சில சென்றபின், அது வெறும் பொய் என்று வேறொரு நண்பர் எடுத்துரைத்தார். நோரா அவனை மறுத்து ஒதுக்கியவள் என்பதும் தெரியவந்தது. மன்னிப்புக் கேட்டு மறுபடி கடிதம் பறந்தது. மன்னித்தாள் நோரா. இடையிலே கழிந்த அந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாளோ!

இதைச் சொல்வதால் ஜாய்சைச் சிறுமைப்படுத்துவதாக எண்ண வேண்டாம். அறிவு ஓரிரவிலே பெறுவது; பழக்கம் நூற்றாண்டுகளாகச் சேர்ந்தது. எழுதுகோல் ஏந்தியபோது எட்டிய உயரத்திலே, ஏந்தாத போதும் நிற்க அவருக்கு மீண்டும் மீண்டும் முயல வேண்டியிருந்தது. முயன்றார் என்பதற்கும் சான்று இருக்கிறது. அதே 1909 ஆகஸ்டு இறுதியிலே கால்வேக்குச் சென்றார். நோராவின் தாயைச் சந்தித்தார். 'ஆக்ரிம் மங்கை'யைப் பாடச் சொல்லிக் கேட்டார். கேப்ரியல் கேட்க மறுத்ததை, காலம் தாழ்ந்தேனும், ஜாய்ஸ் கேட்டார். நோராவைப் பெற்றவளின் வீட்டிலே, அவளுடைய குரலிலே.

தொகுப்புக்கு நேர்ந்த கதி தனிக் கதை. 1905 முதல் பதிப்பகத்தாரிடம் அலைந்தது. ஒரு தொடர் ஆபாசம் என்றார்கள். ஓர் அரச வமிசப் பேச்சு ஆபத்து என்றார்கள். 1912இல் டப்ளினிலே அச்சான தாள்களை அச்சகத்தாரே அழித்தனர். அன்று நாட்டை விட்டுப் போன ஜாய்ஸ் பிறகு அயர்லாந்து மண்ணை மிதிக்கவே இல்லை. 1914 ஜூனில் லண்டனில் நூல் வெளிவந்தது. 1987இல் ஜான் ஹூஸ்டன், மூச்சுக் கருவியின் துணையோடு, தம் கடைசிப் படமாக இக்கதையை எடுத்தார். மகள் ஆஞ்சலிக்கா கிரெட்டாவாக நடித்தார். படம் வெளிவருமுன் அவர் மறைந்தார்.

1912ஆம் ஆண்டுக் கோடையை மட்டும் இன்னும் சொல்ல வேண்டும். நோராவோடு கால்வே வந்திருந்தார் ஜாய்ஸ். உண்மையான போட்கின் அடங்கியிருப்பது ரஹூன் இடுகாட்டிலே, அங்கே சென்றார். அதோடு நிற்கவில்லை. தாம் கற்பனையிலே பியூரியை அடக்கம் செய்த ஊட்டரார்டு ஊருக்கும், ஒரு ஞாயிறன்று சைக்கிளிலே புறப்பட்டுச் சென்றார். கேப்ரியல் போகத் துணிந்த மேற்கு வழி அது. இடுகாட்டைச் சுற்றிப் பார்த்தார். தாம் எண்ணி எழுதியபடியே இருந்தது என்று தம்பிக்குக் கடிதம் எழுதினார். கல்லறைகளைப் படித்துக்கொண்டே போனவர் கண்ணில் ஒரு பெயர் பட்டது என்றும் அதிலே எழுதினார். ஜே. ஜாய்ஸ் என்று பொறித்திருந்ததாம்.